கண்ணாடியில் ஒட்டிய முகம்

பஸ் ஸ்டாண்ட் பெருக்கும் அம்மா எனக்கு முந்நூற்றைம்பது பாக்கி. இருபத்திரண்டு வருஷப் பாக்கி. என் நோட்டில் பேர் எழுத மாட்டேன், தொழிலைத்தான் எழுதுவேன். "பெருக்கும் அம்மா, படம் பெரிசு, 500, வந்தது 150, நிற்பது 350." வருஷம் பிறந்து புது நோட்டு போடும்போது வராத பாக்கியை எல்லாம் மறுபடி என் கையால் ஏற்றுவேன். அந்த ஒரு வரியை மட்டும் இருபத்திரண்டு தடவை ஏற்றியிருக்கிறேன். மற்றவனிடம் எல்லாம் கடையில் போய் நின்று, வாசலில் போய் நின்று, கல்யாண வீட்டில்கூடப் போய் நின்று வசூலித்தவன் நான். இந்த அம்மாவிடம் மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன் என்று இழுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பன்னிரண்டு வயதில் ஒரு போர்டு கடையில் பெயின்ட் டப்பா கழுவினேன். முப்பதில் சொந்தக் கடை வைத்தேன். ஐம்பதில் பதினைந்தடி அகலத்துக்கு பிளெக்ஸ் அடிக்கிற மெஷின் இறக்கினேன், பாதிக் காசு ரொக்கம். இந்த ஊரில் எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் என் கடை எழுத்துதான் கண்ணில் விழும். வக்கீல் எழுதிக் கொடுத்த வாசகத்தில் பிழை கண்டுபிடித்து வக்கீலுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆரம்பத்திலிருந்தே எனக்கு ஒரு சட்டம். பாதிப் பணம் வராமல் பிளேடைக் கையில் எடுக்க மாட்டேன். பாதி என்றால் பாதி, ஒரு காசு குறைந்தாலும் வேலை தொடங்காது. கொடுத்த படம், கொடுத்த தாள் எல்லாம் அதுவரை என் வெட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். அடகு மாதிரி. கண்ணுக்கு எதிரிலேயே கிடப்பதால் எதுவும் தொலையாது, எனக்கும் மறக்காது.

அந்த அம்மா வந்தபோது கடையில் கம்ப்யூட்டர் கிடையாது. உள்ளங்கை அளவு போட்டோ கொண்டுவந்திருந்தார். ஆறு வயதுப் பெண் பிள்ளை. காய்ச்சலில் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் இருந்தது அந்த ஒரே படம்தான். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தர வேண்டும். ஐந்நூறு சொன்னேன். நூற்றைம்பதுதான் வைத்தார்.

"பாதிக்கு இன்னும் நூறு வேணும்மா."

"அடுத்த மாசம் தரேன் ஐயா. நீங்க வேலையைத் தொடங்குங்களேன்."

"சட்டம் சட்டம்தாம்மா."

படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். நடுவில் நாலு தடவை வந்து, பணம் இல்லாமல், மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார். நானும் தடுக்கவில்லை. பார்ப்பதற்கா காசு வாங்குவேன்?

பிறகு மழை. கூரை ஒழுகி மேசைமேல் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. ஈரம் பட்ட போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். உரித்தால் தாள் மட்டும் வெள்ளையாகக் கையோடு வரும், படம் கண்ணாடியிலேயே நின்றுவிடும். அப்படித்தான் நின்றது. தாளே இல்லாமல் வெறும் கண்ணாடியில் ஒரு பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து, ஒட்டிய பக்கத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு, பிளேடால் சுரண்டினேன். நெற்றியில் தொடங்கிக் கீழே வந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. வேறு யாராவது இருந்தால் கண்ணாடியையே தூக்கிப் போட்டிருப்பான். நான் காசு கொடுத்து வாங்கிய எதையும் எறிந்ததில்லை. கழுவித் துடைத்து, எந்தப் பக்கம் மேலே என்றுகூடப் பார்க்காமல் மேசைமேல் மறுபடி போட்டேன். சுரண்டிய பக்கம் மேலே வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா நூறைக் கொண்டுவந்தார். "மழையில எங்கேயோ போயிடுச்சும்மா. தேடிப் பாத்தாச்சு," என்றேன். அந்த அம்மா கண்ணாடியையே பார்த்தார். நூறை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். நூற்றைம்பதை நான் திருப்பித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

சுரண்டியதைப் பார்த்தது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன். நான் சுரண்டிய அந்த வாரம்தான் என் மச்சினி கடைக்கு வேலைக்கு வந்திருந்தாள்.

இந்தக் கதை அவளைப் பற்றியதுதான். வீட்டுக்காரியின் தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம், கடையிலும் அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஏன் என்று அக்கா கேட்டதற்கு, "அந்த வீட்டுல பேச்சு ஜாஸ்தி," என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் இன்றுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை. அவளுக்கு வாயிலிருந்து சொல் வருவதென்றால் கல்லிலிருந்து நார் உரிக்கிற மாதிரி. ஆனால் கை? நான் பத்துப் பேருக்குத் தொழில் கொடுத்தவன். அப்படி ஒரு கையை நான் கண்டதில்லை. ஸ்டிக்கர் எழுத்தை வெறும் கையால் வெட்டினால் அச்சு வார்த்தது போல இருக்கும். கம்ப்யூட்டர் வந்ததும் அதையும் யாரிடமும் கேட்காமல் தானே கற்றுக்கொண்டாள். நான் அந்தப் பெட்டியைத் தொட்டால் அணைந்துவிடும், அவள் தொட்டால் பாடும்.

கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, புது மேசை வாங்கித் தருகிறேன் என்றேன். நானாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொன்னது வாழ்க்கையில் இரண்டோ மூன்றோ தடவைதான்.

"வேணாம் அத்தான். அந்த வெட்டு மேசையே போதும்."

"கண்ணாடி பூராவும் கீறலா இருக்கே."

"இருக்கட்டும்."

அன்றிலிருந்து அந்த மேசைதான் அவளுக்கு. காலையில் வந்ததும் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைப்பாள். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கை மெதுவாகப் போகும், தூங்குகிற பிள்ளையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி. வலது கை மவுஸில் இருக்கும்போது இடது கை அந்த இடத்தில்தான் கிடக்கும். காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் கால் மணி நேரம் மட்டும் அங்கே இருக்கும் கீறல்கள் மினுங்கும். படம் ஒட்டியிருந்த இடத்தை மட்டும்தானே நான் சுரண்டினேன்? அதனால் கீறல்களுக்கும் ஒரு வடிவம் இருந்தது. நான் அந்தக் கால் மணி நேரம் டீக்கடைக்குப் போய்விடுவேன். பதினெட்டு வருஷம் அந்த நேரத்துக்குத் தவறாமல் டீ குடித்தவன் நான்.

மூன்று வருஷம் முன்பு ஏஐ வந்தது. போர்டுக்கு முகம் வைப்பது இந்தத் தொழிலில் பெரிய தலைவலி. மாடலுக்குக் காசு கொடுக்க இங்கே யாருக்கும் மனசு வராது. இன்டர்நெட்டில் எடுத்துப் போட்டால் எவனாவது வக்கீல் நோட்டீஸ் அனுப்புவான். இதில் அந்த வம்பே இல்லை. என்ன வேண்டும் என்று எழுதினால் நாலு முகம் வரும். ஒன்றைத் தொட்டு, இதைப் போல இன்னும் நாலு என்றால் இன்னும் நாலு வரும். இப்படித் தொட்டுத் தொட்டு நமக்குப் பிடித்ததுக்கு வந்து சேரலாம். உலகத்தில் யாருடையதும் இல்லாத முகம், சண்டைக்கு ஆள் வராது. மாதா மாதம் கட்ட வேண்டிய தொகையைக் கேட்டுத்தான் எனக்கு நெஞ்சு அடைத்தது. கட்டினேன்.

ஆரம்பத்தில் நல்ல சிரிப்பு. டெய்லர் கடைக்குத் தையல்காரி கேட்டால் ஒரு கையில் ஆறு விரல் வரும்.

"அதிக விரல் இருந்தா அதிகமாத் தைப்பாங்க, விடு," என்பேன்.

"கத்தரி பிடிக்க முடியாது அத்தான்," என்று திருத்துவாள்.

மெத்தைக் கடைக்குத் தூங்குகிறவன் கேட்டால் செத்தவன் மாதிரி வருவான். வீட்டுக்காரி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "இதுங்களுக்கெல்லாம் கண்ணு இருக்கு, பார்வை இல்லடி," என்றாள். அந்தச் சொல் எனக்கு ஒரு வாரம் மண்டைக்குள்ளேயே கிடந்தது.

முதலில் வந்தது மழலைப் பள்ளி போர்டு, சின்னப் பெண் பிள்ளை ஒன்று. பிறகு நோட்டுப் புத்தகக் கடைக்கு ஒரு பத்து வயதுப் பெண். அடுத்து டியூஷன் வாத்தியாருக்குப் பதினைந்து. டெய்லருக்கு இருபது. இவையெல்லாம் தனித்தனி ஆட்கள், தனித்தனி மாதங்களில் கொண்டுவந்த வேலைகள். வயதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வந்த வரிசை அப்படி. ஐந்தும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றித்தான் நிற்கின்றன, ஊரில் கூட்டம் உள்ள இடம் அதுதான். ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கழுத்தைத் திருப்பி ஒவ்வொரு போர்டாகப் பார்த்தேன். என் முதுகில் யாரோ ஈரத்துணி வைத்தது போல இருந்தது. ஒரே பெண். வருஷம் ஏற ஏற வளர்ந்துகொண்டிருந்தாள்.

நாலு போர்டைத்தான் சொல்லியிருக்கிறேன், கை தவறி ஐந்தும் என்று எழுதிவிட்டேன். ஐந்தாவது அப்போது இன்னும் ஏறவில்லை. அது பல் டாக்டருக்கு.

பல் டாக்டர் கேட்டது சிரிக்கிற பெண், இருபத்தெட்டு வயது மாதிரி. அதுவரை வந்த முகங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தன. முதன்முறையாக அவள் சிரித்தாள். போர்டு மாதிரியைப் பார்க்க டாக்டர் வந்தார். பார்த்த வேகத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னய்யா இது? என் ஆஸ்பத்திரி போர்டுல கோணப்பல்லா? பக்கத்துல இருக்கிற டாக்டர் காசு குடுத்து இப்படிப் போடச் சொன்னாரா?"

பார்த்தால் உண்மைதான். மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"திருத்திடலாம் டாக்டர். சின்னவளே, அதை நேராக்கு."

அவள் எழுதினாள். நாலு வந்தது. நாலிலும் அதே பல். மறுபடி எழுதினாள், நேரான பல், வரிசையான பல் என்று. மறுபடி நாலு. அந்தப் பல் நகரவே இல்லை. டாக்டர் குனிந்து பார்த்து, "நான் கம்பி கட்டினாகூட ரெண்டு வருஷத்துல நேராயிடும். உங்க ஏஐக்கு எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். சின்னவள் சிரிக்கவில்லை. இடது கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசியில் சாதாரணமாக வெட்டி ஒட்டுகிற பழைய முறையில் பல்லை நேராக்கினாள். போர்டு ஏற்றினோம். ஆனால் நான் அவசரத்தில் ஒரு தப்பு செய்திருந்தேன். பெரிய போர்டுக்குத் திருத்திய படம் போனது. அதற்குக் கீழே வாசலில் தொங்கும் சின்ன போர்டுக்குப் பழைய படத்தை மெஷினில் போட்டுவிட்டேன். டாக்டர் கவனிக்கவில்லை. அதைக் கவனித்தவர் ஒரே ஒருவர்தான்.

மறுநாள் காலை, வெயில் சாய்ந்து விழும் நேரம். நான் டீக்கு எழுந்தேன். வாசலில் பெருக்குமாற்றோடு அந்த அம்மா நின்றிருந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். தலை பூராவும் நரைத்திருந்தது. யாரென்று எனக்கு அடையாளம் தெரியக் கூடாது என்று வேண்டினேன். தெரிந்துவிட்டது.

"போட்டோ தொலையல. அப்படித்தானே?" என்றார். குரல் உயரவே இல்லை. "நீங்கதான் வைச்சிருக்கீங்க. செத்த பிள்ளைய வளத்து ஊர் பூரா தொங்கவிட்டிருக்கீங்க."

"இல்லம்மா, இது ஏஐ, இதுல வர்ற முகம் யாரோடதும்..."

"மொதல்ல சின்னப் பள்ளிக்கூடத்துல பாத்தேன். கொஞ்சம் சாயல்னு விட்டுட்டேன். அப்புறம் நோட்டுக் கடை. அப்புறம் டியூஷன். ஒவ்வொரு தடவையும் அது தலைக்கு மேல ஏறும், நான் கீழ பெருக்குவேன். டெய்லர் கடை போர்டு ஏத்தினப்போ மூணு நாள் அந்தப் பக்கமே பெருக்கல, சூப்பர்வைசர் திட்டினான். நேத்து பல்லைப் பாத்துட்டேன். அந்தப் பல்லு யாருக்கும் தெரியாதுய்யா. அது வெக்கப்பட்டு வாயை மூடிக்கும். போட்டோவிலயும் மூடிக்கிட்டுத்தான் நின்னுச்சு."

சின்னவள் நாற்காலியைத் திருப்பினாள். "ஆமா. மூடித்தான் இருந்துச்சு," என்றாள்.

அந்த அம்மா அவள் அருகில் போனார். "நீயாம்மா வரைஞ்சே? வேணும்னே செஞ்சியா?"

"இல்லம்மா. நாலு வரும். ஒண்ணைத் தொடுவேன். ஏன் அதைத் தொட்டேன்னு எனக்கே தெரியாது."

அந்த அம்மா கொஞ்ச நேரம் திரையில் இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது.

"எனக்குச் சண்டை வேணாம். எனக்கு முகம் மறந்துபோச்சு. அஞ்சாறு வருஷமாச்சு. கண்ணை மூடினா சட்டை வருது, கால் வருது, முகம் வர மாட்டேங்குது. இந்த போர்டைப் பாத்தா அவதான்னு தோணுது, ஆனா ஏதோ தப்பாவும் இருக்கு. என்னன்னு சொல்லத் தெரியல. வளந்தது எனக்கு வேணாம்மா. நான் தூக்கினது ஆறு வயசு. அந்த முகத்தைக் குடு."

சின்னவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெருக்குமாற்றை அந்த அம்மா கதவு ஓரம் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். மழலைப் பள்ளி போர்டு முதல் முதல் செய்தது, அதில் சாயல் கம்மி. அதனால் இருபத்தெட்டிலிருந்து பின்னால் போனாள். இருபது என்று எழுதினாள், நாலு வந்தது. பதினைந்து, நாலு. பத்து. மேலே போகும்போது மூன்று வருஷம் ஆனது, கீழே வருவதற்கு அரை மணி நேரம். திரையில் அந்தப் பெண் உயரம் குறைந்து, கன்னம் உப்பி, கண் பெரிதாகி, எங்களைப் பார்த்தபடியே சின்னப் பிள்ளை ஆனாள். நான் எத்தனையோ பிணத்துக்குப் படம் போட்டுக் கொடுத்தவன், பயந்தவன் இல்லை. அன்றைக்கு என் கால் தானாக வாசல் பக்கம் திரும்பி நின்றது.

ஆறு வயது. நாலு பிள்ளைகள்.

"இதுல எதும்மா?"

அந்த அம்மா ஒவ்வொன்றாக விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "இது... இல்ல, இதுவா இருக்கும்... இல்ல." பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அதுவரை அவர் அழவில்லை. "பெத்தவளுக்கே தெரியலையே. எதுன்னு தெரியலையே."

சின்னவள் சொன்னாள், "எனக்கும் இதுக்கு மேல தெரியாதும்மா. நான் பாத்தது ஒரு நாள்தான். அப்புறம் கீறலைத்தான் பாத்தேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த அம்மா அவளைப் பார்த்தார், பிறகு அவரும் என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் அந்த முகம் முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெற்றவர் அன்போடு பார்த்திருப்பார், அன்போடு பார்ப்பவர்களுக்கு அளவு தெரியாது. நான் பிளேடோடு பார்த்தவன். அரை விரல் அரை விரலாக, ஒரு மணி நேரம். மூன்றாவது படத்தில் இருப்பதுதான் அவள் என்று நாலும் வந்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் நின்றிருந்தேன். திறந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

"மூணாவது," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "புருவத்துல வெட்டு இருக்கு பாருங்க. இன்னும் கொஞ்சம் நீளம், கண்ணோரம் வரைக்கும். காது கொஞ்சம் விலகி நிக்கும். சட்டையில மேல் பொத்தான் கிடையாது. ஊக்கு குத்தியிருக்கும்."

அந்த அம்மா மெதுவாக எழுந்தார். "ஊக்கு. ஆமா. போட்டோ எடுக்கிற அன்னைக்குக் காலையில நான்தான் குத்திவிட்டேன்." ஒரு அடி என் பக்கம் வந்தார். "ஒரு தடவை வாங்கி வைச்ச போட்டோ. இருபத்திரண்டு வருஷம். ஊக்கு வரைக்கும் எப்படிய்யா ஞாபகம் இருக்கு?"

சொன்னேன். மழை, கண்ணாடி, பிளேடு. நெற்றியில் தொடங்கியது, ஊக்கில் முடித்தது. தொலைந்தது என்று சொன்னது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் யாருக்கும் முன்னால் தலையைக் குனிந்தவன் இல்லை. அன்றைக்குக் குனிந்ததையும் எழுதாமல் விட்டால் இந்த எழுத்துக்கு மதிப்பு இல்லை.

"எப்ப சொல்வீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் அத்தான்," என்றாள் சின்னவள். "அன்னைக்குப் பின்கதவுல நின்னேன்." இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

புருவத்தை நீட்டினாள், காதை விலக்கினாள், ஊக்கைக் குத்தினாள். அந்த அம்மா பார்த்தார். "கிட்ட வந்துட்டா," என்றார். "ஆனாலும் தப்பா இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து ஒட்டும் எழுத்தை நாங்கள் இடம் வலமாகத் திருப்பித்தான் வெட்டுவோம், அப்போதுதான் வெளியே நேராகத் தெரியும். மூன்றாம் வகுப்புப் படித்தவனுக்கு இது தெரியும், பட்டம் வாங்கியவனுக்குத் தெரியாது. நான் சுரண்டும்போது பார்த்தது ஒட்டிய பக்கம், அங்கிருந்து பார்த்தால் முகம் இடம் வலம் மாறித்தான் தெரியும். பிறகு அந்தப் பக்கத்தையே மேலே வைத்து மேசையில் போட்டேன். இருபத்திரண்டு வருஷம் இந்தக் கடை அந்தப் பிள்ளையைத் தலைகீழாக இல்லை, பக்கம் மாற்றிப் பார்த்திருக்கிறது. ஊர் பூராவும் பக்கம் மாற்றித் தொங்கவிட்டிருக்கிறது.

"திருப்பிப் போடு," என்றேன். "இடத்தை வலமா."

சின்னவள் ஒரு தட்டுத் தட்டினாள். புருவத்து வெட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது.

அந்த அம்மா திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குளிக்க வைத்த பிள்ளையின் முகத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா," என்றார். "வாயை ஏண்டி மூடிக்கிறே?"

படம் பெரிதாக்கிச் சட்டம் போட நாலு நாள் சொன்னேன். அந்த நாலு நாளில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சின்னவள் வேறொரு கடைக்கு முகம் வேண்டும் என்று அதே சொற்களை எழுதினாள். நாலு வந்தது. யாரோ நாலு பேர். பழைய படங்களையே கொடுத்து, இதைப் போல இன்னும் நாலு என்று கேட்டாள். மறுபடி யாரோ நாலு பேர், எல்லோருக்கும் வரிசையான பல். அன்றிலிருந்து இன்றுவரை அந்த முகம் ஒரு தடவைகூட வரவில்லை. ஏன் வந்தது என்பதற்கு ஒரு காரணம் சொல்லிவிடலாம், கீறல், கண், தொட்ட விரல் என்று. பல்லுக்கு என்னிடம் காரணம் இல்லை. ஏன் போனது என்பதற்கும் இல்லை.

நாலாம் நாள் அந்த அம்மா வந்தார். படத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் மேசைக் கண்ணாடியைக் காட்டி, "அசல் இதுதாம்மா. இதையும் எடுத்துட்டுப் போங்க. ஆள் வைச்சு வீட்டுல இறக்கித் தரேன்," என்றேன். அவர் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"இது இங்கேயே இருக்கட்டும். நீங்க தினமும் பாருங்க."

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"ஐயோ வேணாம்மா. நான்தான் உங்களுக்கு நூத்தைம்பது தரணும். அதுக்கு மேலயும் தரணும்."

"உங்ககிட்ட சும்மா வாங்கினா அது நீங்க எனக்குப் போட்ட பிச்சை ஆயிடும். நான் விலை பேசி, அட்வான்ஸ் குடுத்தவ. வேலை முடிஞ்சிருச்சு. என் பிள்ளையைக் கடன் சொல்லிக் கூட்டிட்டுப் போக மாட்டேன். கையை நீட்டுங்க."

நான் சின்னவளைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நடுவில் மெதுவாக. காலை வெயில் சாய்ந்து மேசைமேல் விழுந்தது. டீக்குப் போகிற நேரம். போகவில்லை.

கையை நீட்டினேன்.

நூறு என்று சொல்லி ஒரு தாளை என் உள்ளங்கையில் வைத்தார். இருநூறு. முந்நூறு. பிறகு பத்துப் பத்தாக, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நீவி மடிப்பு எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, முந்நூற்றைம்பது வரை எண்ணினார்.